உதகைக் குளிருக்கு ஒரு கம்பளித் தொப்பி: அளவெடுப்பதிலிருந்து பெட்டியில் வைப்பது வரை முழுமையான வழிகாட்டி

நீலகிரியில் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை உறைபனிக் காலம். உதகையில் டிசம்பர், ஜனவரி மாத விடியற்காலைகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை நெருங்கும்போது முதலில் வலிப்பது காதுதான். ஆகவே புதிதாக ஊசி பிடிப்பவர்களுக்கு, காதை இரட்டை மடிப்பாக மூடும் தொப்பியையே முதல் வேலையாக நான் பரிந்துரைக்கிறேன். ஸ்வெட்டரைத் தொடங்கி முதுகுப் பகுதியோடு நிறுத்திவிட்டவர்கள் பலர். தொப்பி சிறியது, சீக்கிரம் முடிவது, ஸ்வெட்டருக்குத் தேவையான பெரும்பாலான வேலைகளையும் கற்றுத்தருவது.

புதியவர்கள் தடுமாறுவதைப் பக்கத்திலிருந்து பார்த்ததில் ஒன்று தெளிவாகிறது. தொப்பி கெடுவது பெரும்பாலும் பின்னும்போது அல்ல, பின்னத் தொடங்குவதற்கு முன்பே. அளவெடுக்காமல், மாதிரித் துண்டு பின்னாமல், கடையில் கிடைத்த ஊசியில் கிடைத்த நூலை ஏற்றிவிடுவதால்தான் கண்ணை மறைக்கும் தொப்பியும் நெற்றியை நெரிக்கும் தொப்பியும் உருவாகின்றன. எனவே கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். முதல் நான்கு படிகள் சலிப்பூட்டினாலும் தாண்டிச் செல்ல வேண்டாம்.

1. எப்போது தொடங்குவது

புரட்டாசி, ஐப்பசியிலேயே தொடங்கிவிடுவது நல்லது. மாதிரித் துண்டையும் முடித்த தொப்பியையும் தண்ணீரில் நனைத்து உலர்த்த வேண்டியிருக்கும். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் நாள்கணக்கில் துணி காயாது. மழைக்கு நடுவே வெயில் தெரியும் நாளில் துண்டை உலர்த்தி அளந்து வைத்துக்கொண்டால், மழை நாட்களை வீட்டுக்குள் உட்கார்ந்து பின்னுவதற்கு ஒதுக்கலாம்.

பகல் வெளிச்சத்தில், சன்னலோரம் உட்கார்ந்து பின்னுவதே கண்ணுக்கு நல்லது. இரவில்தான் நேரம் கிடைக்கும் என்றால் கறுப்பு, கருநீலம், அடர்பச்சை நூல்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்த நிறங்களில் கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) விழுந்தாலும் தெரியாது, எண்ணவும் வராது. முதல் தொப்பிக்கு வெளிர் நீலமோ சந்தன நிறமோ போதும்.

குளிரில் விரல் நுனி வெடித்திருந்தால் தோலின் பிசிறு நூலைப் பிடித்து இழுக்கும். அதற்காகப் பின்னுவதற்குச் சற்று முன் எண்ணெய் தடவுவது தவறு. எண்ணெய்க் கறை கம்பளியில் இறங்கி, அங்கே தூசியும் ஒட்டும். இரவு படுக்கும் முன் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, பின்னும் முன் கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள்.

2. வாங்க வேண்டியவை

பெரியவர் ஒருவருக்கான மடிப்புத் தொப்பிக்கு 100 கிராம் நூல் போதும். நூல்கண்டின் சீட்டில் நிற எண்ணோடு லாட் நம்பரும் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டு 50 கிராம் கண்டுகள் வாங்கினால் இரண்டிலும் லாட் நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நிற எண்ணாக இருந்தாலும் வெவ்வேறு முறை சாயமிட்ட நூல்களுக்கு இடையில் மெல்லிய வேறுபாடு இருக்கும். கடையின் குழல்விளக்கில் தெரியாத அந்த வேறுபாடு, வெயிலில் தொப்பியின் நடுவே கோடு போட்டதுபோல் தெரியும்.

கடைகளில் உல்லன் என்று கேட்டால் எடுத்துத் தருவதில் பெரும்பகுதி அக்ரிலிக், அல்லது அக்ரிலிக் கலந்த நூல். சீட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள். சீட்டு இல்லாத நூலாக இருந்தால் ஒரு விரற்கடைத் துணுக்கை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் அது ஆட்டுக் கம்பளி. உருகிச் சொட்டி, ஆறியபின் கெட்டியான மணியாகத் திரண்டால் அக்ரிலிக்.

இரண்டுக்கும் அதனதன் பயன் உண்டு. அக்ரிலிக் மலிவானது, அடிக்கடி துவைக்கலாம், பூச்சி அரிக்காது. கம்பளி ஈரத்தை உறிஞ்சிய பிறகும் ஓரளவு வெதுவெதுப்பைத் தக்கவைக்கும், ஆனால் துவைப்பதில் கவனம் வேண்டும். விறகடுப்பின் முன்போ கணப்பின் அருகிலோ நெடுநேரம் இருப்பவருக்கு அக்ரிலிக் தொப்பி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தீப்பொறி பட்டால் அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

ஊசி எண்ணில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நம் கடைகளில் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் எண்முறைதான் புழக்கத்தில் உள்ளது. அதில் எண் ஏற ஏற ஊசி மெல்லியதாகும்: 7 என்றால் 4.5 மி.மீ., 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ. அமெரிக்க எண்முறை இதற்கு நேர்மாறானது, அங்கே 8 என்பது 5 மி.மீ. இணையத்தில் கண்ட அமெரிக்கக் குறிப்பில் 8 என்று இருப்பதைப் பார்த்து இங்கே 8-ஆம் எண் ஊசி வாங்கினால் ஒரு முழு மி.மீ. குறைந்துவிடும், தொப்பியும் அதற்கேற்பச் சுருங்கும். எண்ணை மறந்துவிட்டு மி.மீ. அளவைக் கேட்டு வாங்குங்கள்.

இந்தத் தொப்பிக்கு 4 மி.மீ. ஊசி ஒரு ஜோடியும் 3.25 மி.மீ. ஊசி ஒரு ஜோடியும் தேவை. ஒரு முனையில் குமிழ் உள்ள நேர் ஊசிகளே போதுமானவை. நீளம் 35 செ.மீ. அளவில் இருக்கட்டும், 25 செ.மீ. ஊசியில் நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிகள் நெருக்கியடித்து நுனியிலிருந்து நழுவி விழும்.

இவற்றோடு அளவு நாடா, மழுங்கிய முனையும் பெரிய காதும் உள்ள தையல் ஊசி, விழுந்த கண்ணியை எடுக்க ஒரு குரோஷே ஊசி, கத்தரி, அடையாளத்துக்கு வேறு நிற நூலில் முடிந்த சிறு வளையங்கள், நோட்டு, பென்சில் ஆகியவற்றை ஒரே பையில் போட்டு வையுங்கள். நோட்டு இல்லாமல் தொடங்க வேண்டாம். அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனவர் திரும்பி வரும்போது எத்தனையாவது வரிசை என்பது நினைவில் இருக்காது.

3. தலையை அளப்பது

அளவு நாடாவைப் புருவத்துக்குச் சற்று மேலே வைத்து, காதுகளுக்கு மேலாகச் சுற்றி, பின்தலையின் புடைத்த பகுதியில் பதியுமாறு அளக்க வேண்டும். பெண்ணின் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 54 முதல் 57 செ.மீ. வரையிலும், ஆணுடையது அதைவிட ஓரிரு செ.மீ. கூடுதலாகவும் இருக்கும். கொண்டை போடுகிறவர் கொண்டையை அவிழ்த்துவிட்டு அளக்க வேண்டும்.

ஆழத்துக்கு, ஒரு காதின் மடல் நுனியிலிருந்து உச்சி வழியாக மறு காதின் மடல் நுனி வரை அளந்து, அதைப் பாதியாக்குங்கள். பெரியவருக்கு 21 செ.மீ. அளவில் வரும்.

பின்னல் இழுபடும் துணி என்பதால், தலைச் சுற்றளவையே தொப்பியின் சுற்றளவாக வைத்தால் அது நழுவும். சுற்றளவில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 56 செ.மீ. தலைக்கு ஏறக்குறைய 51 செ.மீ. தொப்பி. இந்த வழிகாட்டி முழுவதும் இந்த 56 செ.மீ. தலையையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

4. மாதிரித் துண்டு

யாரும் செய்ய விரும்பாத படி இது. நூலும் நேரமும் வீண் என்று நினைப்பவர்களுக்குக் கணக்கைக் காட்டுவதுதான் என் வழக்கம். 112 கண்ணிகளில் ஒரு தொப்பி பின்னுவதாக வைத்துக்கொள்வோம். 10 செ.மீ. அகலத்தில் 22 கண்ணிகள் விழும் கைக்கு அது 51 செ.மீ. வரும். இறுக்கிப் பின்னும் கைக்கு 24 விழுந்தால் 46.7 செ.மீ. மட்டுமே வரும், தலைவலிதான் மிச்சம். தளர்வாகப் பின்னுபவருக்கு 20 விழுந்தால் 56 செ.மீ. வந்து தொப்பி புருவத்தைத் தாண்டி இறங்கும். நூலும் ஊசியும் ஒன்றாக இருந்தாலும் கை மாறினால் அளவு மாறும்.

4 மி.மீ. ஊசியில் 34 கண்ணிகள் ஏற்றி (ஏற்றும் முறை 6-ஆம் படியில்), ஒரு வரிசை நிட், அடுத்த வரிசை பர்ல் என்று (இந்த இருவகைக் கண்ணிகளும் 7-ஆம் படியில்) 15 செ.மீ. உயரத்துக்குப் பின்னுங்கள். முடித்ததும் அளக்கக் கூடாது. தொப்பியை எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அப்படியே துண்டையும் நனைத்து, துவாலையில் வைத்து அழுத்தி, தட்டையாக உலர்த்துங்கள். சில நூல்கள் நனைந்தபின் விரிந்துகொடுக்கும், சில சுருங்கும்.

உலர்ந்த துண்டை மேசையில் இழுக்காமல் பரப்பி, விறைப்பான அளவுகோலை நடுவில் வையுங்கள். ஓரங்கள் சுருண்டு கிடப்பது இந்தப் பின்னலின் இயல்பு. ஓரத்துக் கண்ணிகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நேர்ப்பக்கத்தில் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு சாய்ந்த கால்கள் கீழே கூடும் கோதுமை மணி போலத் தெரியும். 10 செ.மீ.க்குள் எத்தனை மணிகள் என்று பென்சில் முனையால் தொட்டு எண்ணுங்கள். அரைக் கண்ணி வந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். 10 செ.மீ.க்கு அரைக் கண்ணி பிசகினால்கூட முழுத் தொப்பியில் ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்துவிடும்.

24 வந்தால் 4.5 மி.மீ. ஊசிக்கு மாறிப் புதுத் துண்டு பின்னுங்கள், 20 வந்தால் 3.75 மி.மீ. ஊசிக்கு. கையை இறுக்கியோ தளர்த்தியோ சரிசெய்யப் பார்ப்பவர்கள் உண்டு. பத்து வரிசைக்குள் கை பழைய இயல்புக்குத் திரும்பிவிடும். மாற்ற வேண்டியது ஊசியையே.

5. கண்ணிகளின் எண்ணிக்கை

தொப்பியின் சுற்றளவை, ஒரு செ.மீ.க்கு விழும் கண்ணிகளால் பெருக்க வேண்டும். 51-ஐ 2.2-ஆல் பெருக்கினால் 112. இது 8-ஆல் வகுபட வேண்டும், ஏனெனில் உச்சியில் எட்டுப் பாகங்களாகப் பிரித்துக் கண்ணி குறைக்கப் போகிறோம். வகுபடாவிட்டால் அருகிலுள்ள எட்டின் மடங்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு தையலில் மறையும் ஓரங்களுக்காக 2 சேர்க்க வேண்டும். ஆக 114.

50 செ.மீ. தலையுள்ள குழந்தைக்கு இதே கணக்கில் 99 வரும். அருகில் உள்ள மடங்குகள் 96, 104. வளரும் பிள்ளை என்பதால் 104-ஐ எடுத்து, 2 சேர்த்து 106 ஏற்றலாம். கைக்குழந்தைக்குப் பின்னுவதானால் கழுத்தில் கட்டும் நாடா வைக்காதீர்கள். வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பியைக் கழற்றிவிடுங்கள். குழந்தையின் உடம்பு தலை வழியாகவே பெரிதும் சூட்டை வெளியேற்றுகிறது, தூக்கத்தில் தொப்பி முகத்தின்மேல் இறங்கவும் கூடும்.

6. கண்ணி ஏற்றுதல்

நூல் சரமாக இருந்தால் முதலில் உருண்டையாகச் சுற்றிக்கொள்ளுங்கள். மூன்று விரல்களை நூலுக்கு அடியில் கொடுத்துத் தளர்வாகச் சுற்ற வேண்டும். இறுக்கிச் சுற்றிய நூல் இழுபட்ட நிலையிலேயே பின்னப்பட்டு, துவைத்தபின் சுருங்கும்.

வால்நூலை, அதாவது நூலின் தொங்கும் முனைப் பகுதியை, கட்டைவிரலிலும் உருண்டையின் நூலைச் சுட்டுவிரலிலும் பிடித்து ஏற்றும் முறை தொப்பிக்கு ஏற்றது, விளிம்பு இழுபடும். இதில் நூறு கண்ணி ஏற்றியபின் வால்நூல் தீர்ந்துபோவது எல்லாரும் படும் பாடு. அதைத் தவிர்க்க, நூலை ஊசியில் பத்து முறை சுற்றி, அந்த நீளத்தை அளந்துகொள்ளுங்கள். அது பத்துக் கண்ணிகளுக்கான வால்நூல். 114 கண்ணிகளுக்கு அதைப் போலப் பன்னிரண்டு மடங்கு எடுத்து, மேலும் ஒரு சாண் விட்டு, அந்த இடத்தில் முதல் சுருக்கை இடுங்கள்.

ரிப் பார்டரை (நிட்டும் பர்லும் மாறி மாறி வரும், இழுபடும் அடிப்பட்டையை) 3.25 மி.மீ. ஊசியில் பின்னப் போகிறோம் என்றாலும், ஏற்றுவதை 4 மி.மீ. ஊசியில் செய்யுங்கள். மெல்லிய ஊசியில் இறுக ஏற்றிய விளிம்பு நெற்றியில் சிவப்புத் தழும்பு பதிக்கும். ஒவ்வொரு இருபது கண்ணிக்கும் ஓர் அடையாள வளையத்தை ஊசியில் மாட்டிக்கொண்டே போனால், ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டியிராது.

7. ரிப் பார்டர்

நிட் கண்ணிக்கு நூல் பின்புறம் இருக்க வேண்டும். வலது ஊசியின் நுனி கண்ணியின் முன்பக்கத்திலிருந்து நுழைந்து பின்னால் வெளிவரும். அதன்மேல் நூலை அடியிலிருந்து மேலாகச் சுற்றி, அந்தச் சுற்றைக் கண்ணியின் வழியே முன்னால் இழுத்து, பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவவிட வேண்டும். பர்ல் கண்ணிக்கு நூல் முன்புறம். நுனி வலப்புறமிருந்து கண்ணிக்குள் முன்பக்கமாக நுழையும், சுற்றிய நூல் பின்னால் தள்ளப்படும்.

3.25 மி.மீ. ஊசிக்கு மாறி, நேர்ப்பக்க வரிசையில் 2 நிட், 2 பர்ல் என்று மாறி மாறிப் பின்னி, 2 நிட்டில் முடிக்கவும். திரும்பும் வரிசையில் 2 பர்ல், 2 நிட் என்று தொடங்கி 2 பர்லில் முடிக்கவும். 114 என்பது நான்கின் மடங்கோடு 2 சேர்ந்த எண் என்பதால் இது தானாகவே பொருந்தும். வரிசை வேறு விதமாக முடிந்தால், அந்த வரிசையிலேயே எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள்.

பார்டரில் நிகழும் பெரும் பிழை நூலின் இடம் பற்றியது. நிட்டிலிருந்து பர்லுக்கு மாறும்போது நூலை இரு ஊசிகளுக்கும் நடுவே முன்னால் கொண்டுவர வேண்டும். ஊசியின் மேலாகக் கொண்டுவந்தால் அது ஒரு புதுக் கண்ணியாகிவிடும், அதன் அடியில் ஓட்டையும் விழும்.

வரிசையின் தொடக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது. ஊசியைத் திருப்பியதும் நூல் தொங்கும் முதல் கண்ணியைக் கூர்ந்து பாருங்கள். நூலை ஊசியின் மேலாகப் பின்னால் இழுத்துவிட்டால் அந்தக் கண்ணி மேலேறி, அதன் இரண்டு கால்களும் ஊசியின்மேல் வந்து உட்காரும். புதியவர் அதை இரண்டு கண்ணிகள் என்று நினைத்து இரண்டையும் பின்னுவார். வரிசைக்கு ஒன்றாகக் கண்ணி கூடி, சதுரமாக இருக்க வேண்டிய துணி முக்கோணமாக விரிவது இப்படித்தான். நூலை ஊசிக்குக் கீழாக இழுத்து, பிறகு பின்னால் கொண்டுபோனால் ஒற்றைக் கண்ணி தெளிவாகத் தெரியும். முதல் பத்து வரிசைகளுக்கு ஒவ்வொரு வரிசை முடிவிலும் 114 இருக்கிறதா என்று எண்ணுங்கள். பிறகு நான்கு வரிசைக்கு ஒருமுறை போதும்.

நடு வரிசையில் நிறுத்தாதீர்கள். திரும்ப எடுக்கும்போது எந்தத் திசையில் போக வேண்டும் என்பது குழம்பிவிடும். அப்படி நிறுத்த நேர்ந்துவிட்டால், உருண்டைக்குப் போகும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ அந்த ஊசி வலக்கையில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

பார்டர் 10 செ.மீ. வரும்வரை பின்னி, திரும்பும் வரிசையோடு நிறுத்துங்கள். இதில் பாதி வெளிப்புறமாக மடிந்து காதின்மேல் இரட்டையாக நிற்கும்.

8. உடல் பகுதி

4 மி.மீ. ஊசிக்கு மாறி, நேர்ப்பக்கம் முழுக்க நிட், மறுபக்கம் முழுக்க பர்ல் என்று 9.5 செ.மீ. பின்ன வேண்டும். ஏற்றிய விளிம்பிலிருந்து அளந்தால் 19.5 செ.மீ. இருக்கும். ஊசியில் தொங்கும் துணியைக் கையில் தூக்கிப் பிடித்து அளந்தால் அதன் எடையே அதை நீட்டிவிடும். மேசைமேல் பரப்பி அளவெடுங்கள்.

நூல்கண்டு தீர்ந்தால் புதிய நூலை வரிசையின் ஓரத்தில்தான் சேர்க்க வேண்டும். நடுவில் போட்ட முடிச்சு என்றாவது நேர்ப்பக்கம் எட்டிப்பார்க்கும், தலையிலும் உறுத்தும். மீதமுள்ள நூல் துணியின் அகலத்தைப் போல நான்கு மடங்கு இல்லையென்றால் அந்த வரிசையை அதில் தொடங்க வேண்டாம்.

கண்ணி விழுந்துவிட்டால் பதற்றத்தில் துணியை இழுக்காதீர்கள், அது இன்னும் கீழே ஓடும். விழுந்த கண்ணிக்கு மேலே ஏணிப்படி போலக் குறுக்கு நூல்கள் தெரியும். நேர்ப்பக்கத்தைத் திருப்பி வைத்து, குரோஷே ஊசியை விழுந்த கண்ணிக்குள் முன்னிருந்து விட்டு, அடியில் உள்ள படியை முதலில் பிடித்து இழுத்து, அடுத்ததை அதற்குப் பிறகு என்று ஏறிவந்து, மேலே வந்ததும் இடது ஊசியில் மாட்டுங்கள். படிகளின் வரிசை மாறினால் அங்கே முறுக்கிய கண்ணி நின்றுவிடும்.

9. உச்சியில் கண்ணி குறைத்தல்

ஓரக் கண்ணிகள் இரண்டைத் தவிர மீதி 112-ஐ, பதினான்கு கண்ணிகள் கொண்ட எட்டுப் பாகங்களாக அடையாள வளையம் மாட்டிப் பிரித்துக்கொள்ளுங்கள். குறைப்பதெல்லாம் நேர்ப்பக்கத்தில் மட்டும். முதல் குறைப்பு வரிசை இப்படி வரும்: 1 நிட், பிறகு 12 நிட், இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒரு நிட் என்பதை எட்டு முறை, கடைசியில் 1 நிட். இப்போது 106 கண்ணிகள் இருக்கும். அடுத்த வரிசை முழுவதும் பர்ல்.

அடுத்த குறைப்பில் 12-க்குப் பதில் 11 நிட், அதற்கடுத்து 10 என்று, பாகத்தின் முதல் பகுதி ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வரும். எட்டாவது குறைப்பில் 5 நிட், பிறகு இரண்டைச் சேர்த்து ஒன்று. குறைப்புகளுக்குப் பின் நிற்க வேண்டிய எண்ணிக்கைகள் 106, 98, 90, 82, 74, 66, 58, 50. இவற்றை முன்கூட்டியே நோட்டில் எழுதி, ஒவ்வொன்றும் சரியாக வந்தபின் அடித்துவிடுங்கள். ஓர் எண் பிசகினால் அந்த வரிசையை மட்டும் கண்ணி கண்ணியாகப் பிரித்தால் போதும். மூன்று வரிசை கழித்துக் கண்டுபிடித்தால் உச்சிச் சுழி கோணலாகிவிடும்.

50 கண்ணிகள் நிற்கும்போது ஒரு பர்ல் வரிசை. பிறகு 1 நிட், இரண்டிரண்டாகச் சேர்த்து 24 முறை, 1 நிட்; 26 மிஞ்சும். ஒரு பர்ல் வரிசை. மறுபடி 1 நிட், இரண்டிரண்டாக 12 முறை, 1 நிட், 14 மிஞ்சும். உச்சிப் பகுதி ஏறக்குறைய ஆறேகால் செ.மீ. வந்திருக்கும்.

நூலை 60 செ.மீ. விட்டு வெட்டி, தையல் ஊசியில் கோத்து, 14 கண்ணிகளின் ஊடாகவும் இரண்டு முறை செலுத்தி இறுக்குங்கள். ஒருமுறை மட்டும் செலுத்தினால் அந்த ஓர் இழை அறுந்ததும் உச்சியே திறந்துகொள்ளும்.

10. தைத்து இணைத்தல்

இரு ஓரங்களையும் நேர்ப்பக்கம் மேலே தெரியப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, உச்சியிலிருந்து கீழ்நோக்கித் தையுங்கள். முதல் கண்ணிக்கும் இரண்டாம் கண்ணிக்கும் இடையே சிறு குறுக்கு நூல்கள் தெரியும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாறி மாறி அவற்றின் அடியில் ஊசியை விட்டு, சில தையலுக்கு ஒருமுறை மெல்ல இழுத்தால் ஓரக் கண்ணிகள் உள்ளே மடங்கி, தையல் கண்ணுக்குத் தெரியாமல் போகும். பார்டரில் இரு பக்கமும் மீதமுள்ள ஒவ்வொரு நிட் கண்ணி சேர்ந்து 2 நிட் ஆகிவிடும். 114-இல் கடைசி 2 எதற்கு என்பது இங்கேதான் கைக்குத் தெரியும்.

அனுபவப்பட்டவர்களும் மறப்பது அடுத்த கட்டத்தை. அடிவிளிம்புக்கு 5 செ.மீ. முன்பாக நிறுத்தி, தொப்பியைப் புரட்டி, மீதியை மறுபக்கத்திலிருந்து தைக்க வேண்டும். மடிக்கும்போது அந்த 5 செ.மீ.யின் உட்புறம்தான் வெளியே தெரியும். ஒரே பக்கமாகத் தைத்து முடித்தால் தையலின் தடிப்பு மடிப்பின்மேல் வந்து நிற்கும். 2 நிட் 2 பர்ல் பார்டர் இருபுறமும் ஒன்றுபோல் தெரிவதால், தையல் மட்டும் சரியாக இருந்தால் மடிப்பில் குறையே தெரியாது.

மிஞ்சிய நூல் முனைகளைத் தையலின் உட்புறத்தில் ஒரு திசையில் சில கண்ணிகளும், திரும்பி எதிர்த்திசையில் சில கண்ணிகளும் ஓட்டி வெட்டுங்கள்.

11. துவைப்பதும் உலர்த்துவதும்

ஆட்டுக் கம்பளியைக் குளிர்ந்த நீரில், மென்மையான திரவச் சோப்பு கரைத்து, அமுக்கி அமுக்கி எடுக்க வேண்டும். கசக்கக் கூடாது. கம்பளி இழையின் மேற்புறத்தில் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடு, ஈரம், உராய்வு ஆகிய மூன்றும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துணி கெட்டித்துச் சுருங்கும். பிறகு அதை எவ்வளவு இழுத்தாலும் பழைய அளவு வராது. குளித்து மிஞ்சிய வெந்நீரில் தொப்பியை ஊறப்போடும் பழக்கம் குளிர்காலத்தில் பல வீடுகளில் இருக்கிறது. கம்பளிக்கு அது ஆகாது.

பிழியாமல், துவாலையில் வைத்துச் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்து, நிழலில் தட்டையாக உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்ட தொப்பி நீளவாக்கில் இழுபட்டுப்போகும். பனிக்கால மாலையில் வெளியே விட்டுவிட்டால் காய்ந்ததும் மறுபடி நனைந்துவிடும், ஆகவே வெயில் சாயும் முன்பே உள்ளே எடுத்துவிட வேண்டும். அக்ரிலிக் தொப்பிமேல் இஸ்திரிப் பெட்டி வைக்கவே கூடாது. சூட்டில் இழை தளர்ந்து, பார்டரின் இழுவிசை நிரந்தரமாகப் போய்விடும்.

12. குளிர் போனபின்

மார்ச் மாதத்தில் பெட்டிக்குள் வைப்பதற்கு முன் கட்டாயம் ஒருமுறை துவைத்து, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்துங்கள். கம்பளியை அரிப்பது துணி அந்துப்பூச்சியின் புழு. வியர்வையும் தலை எண்ணெயும் படிந்த இடங்களையே அது முதலில் தேடும். நாப்தலின் உருண்டை போடுவதானால் துணிப்பொட்டலத்தில் கட்டி, தொப்பியில் படாமலும் குழந்தைகள் கைக்கு எட்டாமலும் வையுங்கள். அடுத்த பருவத்தில் அணிவதற்கு முன் நன்றாகக் காற்றாட விட வேண்டும்.

மாதிரித் துண்டையும் நூலின் சீட்டையும் எறிந்துவிடாதீர்கள். நோட்டில் அந்தப் பக்கத்திலேயே இரண்டையும் குத்தி, பயன்படுத்திய ஊசியின் மி.மீ. அளவு, 10 செ.மீ.க்கு விழுந்த கண்ணிகள், யாருடைய தலை, எத்தனை செ.மீ. என்பவற்றை எழுதி வையுங்கள். அதே நூலில் அடுத்த தொப்பி பின்னும்போது நான்காம் படியைத் தாண்டி நேரே ஐந்தாம் படிக்குப் போகலாம்.